ஜாஸ் பியானோ, பாட்காஸ்ட், பன்னிரண்டு கட்டை: வாசகர் கேள்வி – பதில்

பல ஆண்டுகளாக வாரந்தோறும் வெளிவரும் ஜாஸ் பியானோ பாட்காஸ்ட்களைக் கேட்டுப் பழகுகிறவர்களும், அவற்றை வைத்துப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் டெல்டா மாவட்டங்களிலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. ஸ்வரம் குறிப்பிடும் இடங்களில், வேறு எதுவும் சொல்லாவிட்டால், சி-யை ஸ என்று கொள்ளவும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொன்னால் நம்மவர்களுக்கு உடனே பிடிபடும் என்பதால் சி என்பதை 1 கட்டை, டி என்பதை 2 கட்டை, இரண்டுக்கும் இடையிலுள்ள கருப்புக் கட்டையை 1½ கட்டை என்றே பல இடங்களில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு ஜாஸ் பியானோ பாட்காஸ்ட்டை முதல் பாகத்திலிருந்து வரிசையாகக் கேட்டு வருகிறேன். நானூறுக்கு மேல் இருக்கிறது, அறுபது முடித்துவிட்டேன். பேசுவது புரிகிறது. கீபோர்டில் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. எங்கே தவறு?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: வரிசையாகக் கேட்பதிலேயே தவறு தொடங்குகிறது. நெடுநாள் ஓடும் பாட்காஸ்ட்டுக்குப் பாடத்திட்டம் கிடையாது. அந்த வாரம் ஆசிரியர் மனதில் எது இருந்ததோ, கேட்பவர்கள் எதைக் கேட்டார்களோ, அதுவே அந்தப் பாகம். இருநூறாவது பாகம் இருபதாவதைவிட எளிதாக இருக்கலாம். ஆகவே முதலில் கேட்பதை நிறுத்திவிட்டு, தலைப்புகளை மட்டும் படித்து நோட்டில் ஐந்து பக்கங்களில் பிரித்து எழுதுங்கள்: இடது கை வாய்சிங் (கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின், அடுக்கு), தாளம், பாட்டுகளின் கட்டமைப்பு, இம்ப்ரொவைசேஷன் (மனோதர்ம வாசிப்பு), பேட்டிகள். பேட்டிகள் தனி. அவற்றை பஸ்ஸில் கேட்கலாம், பயிற்சிக்கு வேண்டாம். பியானோ கலைஞர் மரியன் மெக்பார்ட்லண்ட் அமெரிக்கப் பொது வானொலியில் 1979-இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய நிகழ்ச்சி அந்த வகையில் பெரிய பொக்கிஷம். பில் எவன்ஸ் உட்படப் பல பியானோ கலைஞர்கள் அதில் வந்து வாசித்துக் காட்டிப் பேசியிருக்கிறார்கள். ரசனை வளர அது வேண்டும், ஆனால் விரலுக்கு அது வேலை தராது.

இப்போது வாய்சிங் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பாகத்தை எடுங்கள். முதல் முறை கீபோர்டு இல்லாமல் முழுவதும் கேளுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து, ஆசிரியர் வாசிக்கும் இடங்களின் நிமிடம், நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடப் பேச்சில் வாசிப்பு ஐந்தாறு நிமிடம்தான் தேறும். மூன்றாம் முறை அந்தத் துண்டுகளை மட்டும் போட்டு நிறுத்தி, முதலில் வாயால் பாடி, பிறகு கட்டையில் தேடுங்கள். பாட முடியாததை விரல் கண்டுபிடித்தால் அது தற்செயல், மறுநாள் நிற்காது.

எடுத்துக்காட்டாக, எல்லா பாட்காஸ்ட்டிலும் வரும் 2-5-1, அதாவது சுருதியின் இரண்டாம், ஐந்தாம், முதல் ஸ்வரங்களில் அமையும் மூன்று கார்டுகளின் வரிசை. சி-யில் அது டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. முழு கார்டும் இப்போது வேண்டாம். ஒவ்வொன்றிலும் அதன் அடி ஸ்வரத்திலிருந்து எண்ணி மூன்றாம், ஏழாம் ஸ்வரங்கள் மட்டும் போதும். இடது கையில் நடு சி-யையும் அதற்குக் கீழே உள்ள எஃப்-ஐயும் சேர்த்து அழுத்துங்கள், ம1, ஸ. இது டி மைனர் 7. எஃப் அப்படியே இருக்கட்டும், சி மட்டும் அரைக் கட்டை (ஒட்டிய அடுத்த கட்டைக்கு) இறங்கி பி ஆகட்டும், ம1, நி3. இது ஜி 7. இப்போது பி இருக்கட்டும், எஃப் அரைக் கட்டை இறங்கி இ ஆகட்டும், க3, நி3. சி மேஜர் 7 வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே ஒரு விரல்தான், அதுவும் அரைக் கட்டைதான் நகர்கிறது. கை தாவினால் ஏதோ தப்பு என்று அர்த்தம்.

இதையே பன்னிரண்டு கட்டையிலும் செய்யவேண்டும். போகவேண்டிய வரிசை 1, 4, 6½, 2½, 5½, 1½, 4½, 7, 3, 6, 2, 5. நாளுக்கு இரண்டு வைத்தால் ஆறு நாள். ஏழாம் நாள் போனில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் கையைப் பாட்காஸ்ட் ஆசிரியர் பார்க்க முடியாது. ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் திருத்தியிருக்கும் இரண்டு விஷயங்கள், கார்டு மாறும்போது விழும் இடைவெளியும் வேகம் மெல்ல ஓடிப்போவதும், பதிவில் மட்டுமே காதில் படும். வீட்டில் யாராவது ‘அஞ்சரை’ என்று சொன்னதும் நாலு எண்ணுவதற்குள் கை சரியான இடத்தில் தொடங்கினால் அந்தப் பாகம் முடிந்தது. அதுவரை புதுப் பாகம் வந்திருக்கிறது என்ற அறிவிப்பைப் பார்க்கவே பார்க்காதீர்கள். வாரம் ஒன்று என்பது வெளியிடுகிறவரின் கணக்கு.

கேள்வி: கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். எந்தச் சுருதி என்றாலும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு சி-யிலேயே வாசிப்பது பழக்கம். ஜாஸ் பாட்காஸ்ட்டோடு சேர்த்து வாசித்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது.
– திருவாரூர் வாசகர்

பதில்: முதலில் பொத்தானைப் பாருங்கள். முந்தைய கச்சேரியில் +2 வைத்தது அப்படியே இருந்தால், பாட்காஸ்ட் சொல்லும் பி ஃப்ளாட்டை நீங்கள் அழுத்தும்போது சி ஒலிக்கும். பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்திலேயே ‘டியூன்’ என்று நுண்சுருதி அமைப்பு இருந்தால் அதை 440 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

மேடைக்கு அந்தப் பொத்தான் நல்ல கருவிதான். ஜாஸில் அது கைகொடுக்காததற்குக் காரணம், ஒரே பாட்டுக்குள் சுருதி மையம் மாறிக்கொண்டே போவது. 32 பார் (ஒரு பார் நாலு எண்ணிக்கை) கொண்ட பாட்டு ஒன்று மூன்று நான்கு மையங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பும். பாட்டு நடுவில் பொத்தான் அழுத்த நேரம் ஏது? மேலும் சாக்ஸபோன், டிரம்பட் வாசிப்பவர்களுக்கு வசதியான 4, 6½, 2½ கட்டைகளில்தான் பெரும்பாலான பாட்டுகள் இருக்கும். தானாகத் துணை வாசிக்கும் ஆட்டோ ஸ்டைலையும் அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது இடது கை கார்டின் பெயரை மெஷினுக்குச் சொல்லும் வேலையை மட்டுமே செய்கிறது.

உங்களுக்கு ஏற்ற தொடக்கம் எஃப்-இல், அதாவது 4 கட்டையில், பன்னிரண்டு பார் ப்ளூஸ். மூன்றே கார்டுகள், இரண்டே விரல்கள். எஃப் 7-க்கு நடு சி-க்குக் கீழே உள்ள இ ஃப்ளாட், ஏ. இரண்டு விரலையும் சேர்த்து அரைக் கட்டை கீழே இறக்கினால் டி, ஏ ஃப்ளாட். அது பி ஃப்ளாட் 7. எஃப் 7-இலிருந்து இரண்டையும் அரைக் கட்டை மேலே ஏற்றினால் இ, பி ஃப்ளாட். அது சி 7. வரிசை இப்படி: எஃப் 7 நாலு பார், பி ஃப்ளாட் 7 இரண்டு பார், எஃப் 7 இரண்டு பார், பிறகு சி 7, பி ஃப்ளாட் 7, எஃப் 7, சி 7 ஒவ்வொரு பார். பத்தாம் பாரில் எல்லோருக்கும் தடுமாறும், ஏனென்றால் கை அரைக் கட்டை மேலேயிருந்து அரைக் கட்டை கீழே என்று முழுக் கட்டை போகவேண்டிய இடம் அது ஒன்றுதான். ஒன்பதையும் பத்தையும் மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றுங்கள்.

வலது கைக்கு எஃப்-ஐ ஸ ஆக வைத்து ஸ க2 ம1 ம2 ப நி2. சுத்த தன்யாசியோடு ம2 சேர்ந்தது என்று கொள்ளலாம். ம2-வில் நிற்காதீர்கள், ம1-க்கோ ப-வுக்கோ வழுக்கிப் போகும் ஸ்வரம் அது.

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன். ஜாஸின் தாள நடையான ஸ்விங் என்பது திஸ்ர நடைதானே? அப்படியே வாசித்தால் ஏன் ஜாஸ் போலக் கேட்கவில்லை?
– தஞ்சாவூர் மாணவர்

பதில்: திஸ்ரம் சரியான வாசல். ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ‘தகிட’ சொல்லி, ‘கி’-யை வாய்க்குள் அடக்கிக்கொண்டு ‘த – ட, த – ட’ மட்டும் ஒலிக்கவிடுங்கள். நிதான வேகத்தில் ஸ்விங் எட்டாம் ஸ்வரங்களின் (ஒரு எண்ணிக்கைக்கு இரண்டாக வரும் ஸ்வரங்களின்) இருப்பிடம் இதுதான். டிரம்ஸில் ரைடு சிம்பல் வாசிப்பதை நாலு எண்ணிக்கைக்கு எழுதினால்: த – –, த – ட, த – –, த – ட.

ஜாஸ் போலக் கேட்காததற்குக் காரணங்கள் மூன்று. அழுத்தம் விழும் இடம் முதலாவது. டிரம்ஸில் காலால் மூடும் ஜோடி சிம்பலான ஹை-ஹாட் 2-இலும் 4-இலும் மூடுகிறது. ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள்: அது விழுவது சுண்டுவிரலில், நடுவிரலில், இரண்டு வீச்சுகளில். தட்டு எதிலும் விழாது. தட்டில் எடை வைத்தே பழகிய கைக்கு இது தலைகீழ். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 ஒலி என்று வைத்து, அந்த ஒலியை 2, 4 என்று எண்ணிக்கொண்டு 100 வேகத்தில் வாசியுங்கள். முதல் சில நாள் ஒலி தானாக 1, 3-க்கு வழுக்கிப் போகும். அப்படிப் போனால் வாசிப்பை நிறுத்திவிட்டு, வாயால் எண்ணித் திரும்ப ஏறுங்கள்.

இரண்டாவது, ‘த’-வும் ‘ட’-வும் ஒரே கனத்தில் விழுவது. எட்டாம் ஸ்வர ஓட்டத்தில் ‘ட’-வுக்குச் சற்றே அழுத்தம் கொடுத்து அடுத்த ‘த’-வோடு சேர்த்து இழுக்கவேண்டும். விரலை முழுதாக எடுத்து எடுத்து அடித்தால் குதிரைக் குளம்புச் சத்தம்தான் வரும்.

மூன்றாவது வேகம். வேகம் ஏற ஏற ‘த’-வும் ‘ட’-வும் சம நீளத்தை நோக்கி நகர்கின்றன. 220-இல் கறாராகத் திஸ்ரம் பிடித்தால் விறைத்துப் போகும். இதைக் கணக்காகச் சொல்லித் தர முடியாது. ஒரே பாகத்தில் ஆசிரியர் மெதுவாகவும் வேகமாகவும் வாசித்துக் காட்டும் இடத்தைத் தேடி, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, கூடவே சொல்லிப் பழகுங்கள்.

உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் எண்ணிக்கை. பன்னிரண்டு பார் ப்ளூஸ் ஒரு சுற்று 48 எண்ணிக்கை, அதாவது ஆறு ஆவர்த்தனம். 32 பார் பாட்டு பதினாறு ஆவர்த்தனம். நடுவில் தொலைந்துபோவதுதான் புதிதாக வருபவர்களை வாட்டும் வியாதி. ஆவர்த்தனம் எண்ணத் தெரிந்தவருக்கு அது வரவேண்டியதில்லை.

கேள்வி: ஜாஸில் சொல்லும் மோடுகள் (ஸ்வர வரிசைகள்) நம் ராகங்கள்தானே? டோரியன் என்றால் கரஹரப்ரியா என்று பாடிவிடலாமா?
– வாய்ப்பாட்டு ஆசிரியை, திருவையாறு

பதில்: ஸ்வரத்தானங்கள் அப்படியே பொருந்தும். ஐயோனியன் சங்கராபரணம், டோரியன் கரஹரப்ரியா, ஃப்ரிஜியன் தோடி, லிடியன் கல்யாணி, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி, ஏயோலியன் நடபைரவி. கிரஹபேதம் (ஸ-வை இடம் மாற்றி வேறு ராகம் காண்பது) தெரிந்த உங்களுக்கு இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதை விளக்கவே வேண்டாம். ஒரே கார்டில் நெடுநேரம் நிற்கும் பாட்டுகளில் இந்த அறிவு நேரடியாக உதவும். டிரம்பட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழு 1959-இல் பதிவு செய்த ‘ஸோ வாட்’ அப்படிப்பட்டது: 16 பார் 2 கட்டையில் கரஹரப்ரியா ஸ்வரங்கள், 8 பார் அதே ஸ்வரங்கள் அரைக் கட்டை மேலே, மீண்டும் 8 பார் 2 கட்டையில்.

கார்டுகள் வேகமாக மாறும் பாட்டுகளில் இதே அறிவு காலை வாரும். டி மைனர் 7-க்கு டி-யிலிருந்து கரஹரப்ரியா, ஜி 7-க்கு ஜி-யிலிருந்து ஹரிகாம்போதி, சி-க்கு சங்கராபரணம் என்று மூன்று ராகம் நினைக்க ஆரம்பித்தால் ஒவ்வொன்றுக்கும் அதன் ஸ-வில் போய் அமரத் தோன்றும். அதற்குள் கார்டு போய்விடும். மூன்றும் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான் என்பதால் ராகத்தை மறந்துவிடுங்கள். கார்டு மாறும் கணத்தில் புதிய கார்டின் மூன்றாம் ஸ்வரத்தில் போய் இறங்குங்கள்: டி-க்கு எஃப், ஜி-க்கு பி, சி-க்கு இ. இடையில் எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம், இறங்கும் இடம் மட்டும் தவறக்கூடாது. இவ்வளவு செய்தாலே, துணைக்கு யாரும் வாசிக்காவிட்டாலும் கார்டு மாறுவது கேட்பவருக்குத் தெரியும்.

பாட்காஸ்ட்டில் ‘ஆல்டர்டு’ என்று ஒன்று வந்து மிரட்டும். ஜி 7 ஆல்டர்டு என்றால், ஏ ஃப்ளாட்டை ஸ ஆக வைத்த கௌரிமனோகரியின் ஸ்வரங்கள். ஜி-யிலிருந்து பார்த்தால் அதில் பஞ்சமமே இருக்காது. ‘லிடியன் டாமினன்ட்’ என்றால் வாசஸ்பதி.

கமகத்துக்குப் பியானோவில் இடமில்லை, உண்மை. கருப்புக் கட்டையிலிருந்து ஒரே விரலால் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கி இறங்குவது ப்ளூஸில் உண்டு. இ ஃப்ளாட்டிலிருந்து இ-க்குப் போவது அதில் மிகப் பழகிய இடம். அதைக் கமகத்துக்கு மாற்றாக நினைக்காமல் வேறொரு அழகாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போனில் பாட்காஸ்ட்டைப் போட்டு, புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே வாசிக்கிறேன். புளூடூத்தில் ஒலி தாமதமாகும் என்கிறார்களே, தாளம் கெட்டுவிடுமா?
– கும்பகோணம் வாசகி

பதில்: பாட்காஸ்ட் மட்டும் புளூடூத்தில் வந்து, கீபோர்டு அதன் சொந்த ஸ்பீக்கரில் ஒலித்தால் கெடாது. தாமதமாகவே வந்தாலும் உங்கள் காதுக்கு வந்த பிறகுதானே அதோடு சேர்கிறீர்கள். கீபோர்டின் ஒலியைப் புளூடூத் வழியாக அனுப்பினால்தான் ஆபத்து. விரல் விழுந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதைவிடவும் கழித்து ஒலி வரும். 120 வேகத்தில் ஒரு எண்ணிக்கையே அரை நொடிதான். கை தன்னையறியாமல் முந்த ஆரம்பித்துவிடும். கீபோர்டுக்கு வயர் போட்ட ஹெட்போன்தான் சரி.

இதைவிடப் பெரிய தொல்லை செயலியின் அமைப்புகளில் ஒளிந்திருக்கிறது. பல பாட்காஸ்ட் செயலிகளில் மௌனத்தை வெட்டும் வசதி உண்டு. பேச்சு நிகழ்ச்சிக்கு நல்லது. இசைப் பாடத்திலோ ஆசிரியர் நீங்கள் வாசிப்பதற்காக விட்ட இடைவெளியையே அது விழுங்கிவிடும், தாளம் நொண்டும். குரலைத் தூக்கிக் காட்டும் வசதியையும் அணையுங்கள். மெல்ல வாசித்ததும் அழுத்தி வாசித்ததும் அதில் ஒன்றாகிவிடும். வேகத்தை 0.75 வரை குறைக்கலாம், சுருதி மாறாது. 0.5-க்குப் போனால் ஸ்வரங்களின் தொடக்கம் கரைந்து ‘த’, ‘ட’ வித்தியாசம் மங்கும்.

போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் (தாழ்ந்த அடி ஒலி) கேட்காது. பேஸ் கேட்காமல் கார்டைக் கண்டுபிடிக்க முயல்வதால்தான் பலருக்கு எஃப் 6-உம் டி மைனர் 7-உம் ஒன்றாகக் கேட்கிறது. இரண்டுக்கும் ஸ்வரங்கள் அவையே நாலு, அடியில் நிற்கும் ஸ்வரம்தான் வேறு. சிக்னல் நிலையில்லாத ஊரில் பாகத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். 128 கேபிபிஎஸ் தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி ஆகும்.

கேள்வி: பத்து வயதுப் பையன் கிரேடு தேர்வுக்குப் படிக்கிறான். ஜாஸ் பாட்காஸ்ட் கேட்டால் அது கெடுமா?
– மயிலாடுதுறை வாசகி

பதில்: கெடாது. வாரத்தில் இரண்டு நாள், பத்துப் பத்து நிமிடம், ஆசிரியர் வாசிப்பதைக் கேட்டுத் திருப்பி வாசிக்கும் இடங்களை மட்டும் கொடுங்கள். அந்த நேரத்தில் நோட்டேஷன் புத்தகம் மூடியிருக்கட்டும். தேர்வுப் பாடத்தை ஸ்விங்கில் வாசிக்க ஆரம்பித்தால் மட்டும் தடுத்து, தேர்வு முடியும் வரை இரண்டையும் வேறு வேறு நாளில் வையுங்கள்.

கேள்வி: விவசாயம் பார்க்கிறேன். நடவு, அறுவடை நாட்களில் இரண்டு மூன்று வாரம் கீபோர்டைத் தொடவே முடிவதில்லை. திரும்ப வந்தால் எல்லாம் மறந்துபோகிறது.
– ஒரத்தநாடு வாசகர்

பதில்: அந்த நாட்களில் விரலுக்கு ஓய்வு, காதுக்கு வேலை. புதுப் பாகம் வேண்டாம், ஏற்கெனவே வாசித்த ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியிலோ வரப்பிலோ அதைக் கேட்டபடி கார்டின் அடி ஸ்வரத்தை மட்டும் வாய்க்குள் பாடுங்கள். ப்ளூஸ் என்றால் ஸ, ம1, ப மூன்றுதான். எந்த பாரில் இருக்கிறோம் என்பது தவறாமல் இருந்தால் பாதிக்கு மேல் கையிருப்பில் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து உட்காரும்போது விட்ட இடத்தில் தொடங்காதீர்கள். 100-இல் வாசித்ததை 80-இல், மூன்று நாள். நாலாம் நாள் பழைய வேகம் தானே வரும். வராவிட்டால் அது முன்பே சரியாகப் படியாத இடம், அதைத் தனியே எடுத்துப் பழகுங்கள்.

கேள்வி: வீட்டில் பழைய அப்ரைட் பியானோ இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கட்டைகள் மாட்டிக்கொள்கின்றன. பாட்காஸ்ட்டோடு சுருதியும் சேரவில்லை.
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் மரமும், கட்டையின் துளைகளில் ஒட்டிய ஃபெல்ட் துணியும் உப்புகின்றன. அதனால் அழுத்திய கட்டை எழும்பாது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தேங்காய் எண்ணெயோ மிஷின் எண்ணெயோ எதுவானாலும். ஃபெல்ட் இன்னும் உப்பி, தூசு சேர்ந்து நிரந்தரமாக இறுகும். அந்தத் துளையைத் தேவையான அளவு தளர்த்துவது டியூனர் செய்யும் சிறு வேலை. பியானோவை வெளிச்சுவர், ஜன்னல் இரண்டிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கடலோரத்தில் அது கடினம், ஆனால் ஈரம் உறிஞ்சும் கருவியை மழை மாதங்களில் ஓடவிட்டால் ஏற்ற இறக்கமாவது குறையும்.

சுருதி சேர்ப்பதை மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் சவுண்ட்போர்டு உப்பி சுருதி ஏறும், காய்ந்ததும் இறங்கும். மழையில் சேர்த்தால் மாசியில் மறுபடி கலைந்திருக்கும். பியானோ முழுதுமே அரைக் கட்டை இறங்கியிருந்தால், ஒரேயடியாக 440-க்கு ஏற்றச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகளில் உப்புக்காற்றில் துருப்பிடித்தவை அறுந்துபோகும். டியூனர் பார்த்து, கட்டம் கட்டமாக ஏற்றலாம் என்றால் ஏற்றட்டும். அதுவரை, சுருதியை மாற்றும் வசதியுள்ள செயலியில் பாட்காஸ்ட்டை அரைக் கட்டை இறக்கிக் கேட்பதே பாதுகாப்பு.

கேள்வி: ஆறு மாணவர்கள், இரண்டு கீபோர்டு. பாட்காஸ்ட்டை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது? தமிழிலேயே இப்படி ஒரு பாட்காஸ்ட் தொடங்கவும் ஆசை.
– இசை ஆசிரியர், கும்பகோணம்

பதில்: வகுப்பில் முழுப் பாகத்தையும் ஓடவிடாதீர்கள். இரண்டு நிமிடத் துண்டு ஒன்று போதும். அதை வீட்டிலேயே கேட்டு, பாடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வகுப்பில் ஒருவர் முதல் கீபோர்டில் இடது கையால் பேஸ், ஒருவர் அதிலேயே மேல் பகுதியில் மெட்டு, ஒருவர் இரண்டாவது கீபோர்டில் இரு விரல் கார்டு, மற்ற மூவர் 2-இலும் 4-இலும் கைதட்டல். ஒரு ப்ளூஸ் சுற்று முடிந்ததும் நிறுத்தாமல் இடம் மாறவேண்டும். நிறுத்தாமல் மாறுவதுதான் இதில் பாடமே. தடுமாறியவர் தாளத்தைக் கைவிடாமல் அடுத்த பாரில் சேர்ந்துகொள்ளப் பழகுவார். மாணவர்கள் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களில் உறுதியான பிறகு நாலு விரல் வாய்சிங்குக்குப் போகலாம்: டி மைனர் 9-க்கு எஃப் ஏ சி இ, ஜி 13-க்கு எஃப் ஏ பி இ, சி மேஜர் 9-க்கு இ ஜி பி டி. இவற்றில் அடி ஸ்வரம் கிடையாது. பேஸ் வாசிக்க ஆள் இருந்தால்தான் பொருள்படும். தனியாக வாசித்தால் அந்தரத்தில் தொங்குவதுபோல் கேட்டு, தப்பு என்று நினைத்து மாணவர் விட்டுவிடுவார்.

தமிழ் பாட்காஸ்ட்டுக்குத் தேவை நிச்சயம் இருக்கிறது, தொடங்குங்கள். ஒரு பாகம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டவேண்டாம், ஒரு பாகத்துக்கு ஒரே விஷயம். வாசிப்பதற்கு முன்பே கட்டையைச் சொல்லுங்கள், ‘பி ஃப்ளாட், ஆறரைக் கட்டை’ என்று இரண்டு விதமாகவும். பி, டி, இ, ஜி நான்கும் காதில் ஒன்றுபோல விழுவதால் ஸ்வரத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது. மெதுவாக ஒருமுறை வாசித்து, மெட்ரோனோமை மட்டும் ஓடவிட்டு நாலு பார் இடம் விட்டு, மறுபடி வாசியுங்கள். அந்த நாலு பாரில் பேசாதீர்கள். இடது கையை இடது காதிலும் வலது கையை வலது காதிலும் வரும்படி பதிவு செய்தால், மாணவர் ஒரு காதை அணைத்துவிட்டு அந்தக் கையைத் தானே வாசிக்கலாம். ஜாஸ் ஆசிரியர் ஜேமி ஏபர்சோல்ட் 1967-இலிருந்து வெளியிட்ட பயிற்சி இசைத்தட்டுகளில் பேஸ் ஒரு பக்கம், பியானோ மறு பக்கம் என்று வைத்த அதே முறை. மோனோவாகச் சேமித்தால் இந்த வசதி போய்விடும்.

கீபோர்டிலிருந்து வயரிலேயே ஒலியை எடுங்கள், குரலுக்குத் தனி மைக். இரைச்சலை நீக்கும் வசதி பியானோவின் நீண்ட நாதத்தையும் இரைச்சல் என்று எடுத்துவிடும், அதை அணையுங்கள். சிமென்ட் தரை எதிரொலிக்கும், பாய் விரித்து திரை கட்டினால் அடங்கும். ஃபேனை நிறுத்தியே ஆகவேண்டும். கடைசி ஒலியளவு மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ் (ஒலியளவை அளக்கும் அலகு) அளவில் இருந்தால் மற்ற பாட்காஸ்ட்களோடு ஒத்துப்போகும்.

காப்புரிமையில் கவனம் தேவை. இந்தியச் சட்டப்படி இசையமைத்தவர் காலமான மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுக்கு அவர் மெட்டுக்கு உரிமை உண்டு. கூட்டாக இயற்றியிருந்தால் கடைசியாகக் காலமானவரை வைத்துக் கணக்கு. ஒலிப்பதிவுக்குத் தனியே, வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. வேறு நாடுகளில் கேட்கும்போது அந்தந்த நாட்டுச் சட்டம். 2-5-1, ப்ளூஸ் போன்ற பொதுவான கார்டு வரிசைகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது. 1940-களில் பீபாப் என்ற ஜாஸ் பாணியின் கலைஞர்கள் செய்ததுபோல, பழகிய கார்டு வரிசையின் மேல் சொந்த மெட்டு ஒன்றை அமைத்து அதைப் பாடமாக்குங்கள். மாணவர்களையும் மெட்டமைக்கச் சொல்லலாம்.

கேள்வி: 61 கட்டை கீபோர்டு போதுமா, 88 வாங்கவேண்டுமா? கரன்ட் அடிக்கடி போகிறது.
– பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: முதல் ஓரிரு ஆண்டுக்கு 61 போதும். மேலே சொன்ன வாய்சிங் எல்லாம் நடு சி-யைச் சுற்றியே இருக்கின்றன. விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் வசதி மட்டும் கட்டாயம். அது இல்லாமல் ஸ்விங்கின் அழுத்தத்தைப் பழகவே முடியாது. இரண்டு கையாலும் தனியாக முழுப் பாட்டு வாசிக்கும் கட்டத்தில் கனமான 88 கட்டைக்குப் போங்கள். பேட்டரியில் ஓடும் மாடல் உங்கள் ஊருக்கு வசதி. வேறு அடாப்டரைச் செருகுமுன் வோல்ட்டும், நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்ற படமும் ஒத்துப்போகிறதா பாருங்கள், பிராண்டுக்கு பிராண்ட் அது மாறும். சாதாரண 5 வோல்ட் பவர் பேங்க், 12 வோல்ட் கேட்கும் கீபோர்டை ஓட்டாது.